டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் பட்டம் வாங்கின முதல் ஆள் நான். வாங்கி மூன்று வருடம் ராமச்சந்திராபுரத்தில் அப்பாவின் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இண்டர்வியூ போன இடத்திலெல்லாம் யாரைத் தெரியும் என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்துமூன்றில், ஷிப்டுக்குச் சைக்கிளில் போன அப்பாவை லாரி அடித்தது. இடது முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை எலும்பே இல்லை. மேலே மூடச் சதையும் இல்லை.

டாக்டர் வங்காளி. அவருக்குத் தமிழ் வராது, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. வராந்தாவில் என்னை நிறுத்தி இங்கிலீஷில் நிதானமாக விளக்கினார். வலது கெண்டைக்கால் தோலையும் சதையையும் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி அறுத்து இடது காயத்தின்மேல் தைப்பார்கள். இரண்டு காலையும் சேர்த்து மூன்று வாரம் மாவுக்கட்டு. ஒட்டிக்கொண்டதும் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து இடைவெளியை நிரப்புவார்கள். ஒன்றரை வருடம் ஆகும், ஆனால் நடப்பார், லேசான வேலைக்குத் திரும்பலாம் என்றார்.

முந்தின நாள்தான் அப்பாவின் கூட்டாளி அப்துல் ரஹீம் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். "ஃபிகர் நக்கோ பேட்டி, கவலப்படாதம்மா. காலே போச்சுன்னாலும் வேலைக்கு அன்ஃபிட்னு எழுதி, பிள்ளைக்கு ஃபாக்டரில வேலை குடுத்துடுவாங்க." நல்ல மனசோடுதான் சொன்னார்.

நான் வார்டுக்குள் போனேன்.

"கால எடுத்துடணுமாம்ப்பா. இல்லன்னா சீழ் மேல ஏறிடுமாம்."

அப்பா போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிச்சவ. நீ கேட்டுக்கிட்டா சரி." அப்புறம், "ஒத்தச் செருப்பு தனியா விப்பானான்னு விசாரிச்சு வை" என்றார். நானும் சிரித்தேன்.

டாக்டரிடம், அப்பாவால் ஒன்றரை வருடம் படுத்துக்கிடக்க முடியாது, எடுத்துவிடச் சொல்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை. கட்டிலருகே வந்து முழங்காலுக்குக் கீழே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அப்பா தலையாட்டினார். படிவத்தை நான் படித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினேன்.

கோபம் இண்டர்வியூ ஆட்கள்மேல். போனது அப்பாவின் கால்.

இப்போது அப்பாவின் ஃபாக்டரி டைம் ஆபீஸில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. காலையில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு அப்பா பஸ் வரைக்கும் வருகிறார். "டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசி என் உசிரைக் காப்பாத்தினவ இவதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் கைப்பைக்குள் எதையோ தேடுகிறேன்.

டாக்டர் எடுக்கச் சொல்லவே இல்லை. எடுக்க வைத்தது நான். அப்பாவிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன். ப்ரொபேஷன் முடிய இன்னும் நாலு மாதம்தான் இருக்கிறது.