அரளி வேலியில் ஒரு சந்து

அரளிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வேர் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டால் போதும், அப்புறம் அது யாரையும் எதிர்பார்க்காது. ஆடு மாடு வாய் வைக்காது. நட்ட இடத்தில் நிற்கும். வெட்டினால் வெட்டுக்குக் கீழே கிளைத்து மறுபடி பூக்கும். எனக்குப் பிடித்த செடி அது, மேடம்.

ஆகாயத்தாமரை வேறு ஜாதி. தண்ணீர்மேல் மிதந்து, காற்று தள்ளுகிற பக்கம் போகும். தண்டைக் கிள்ளினால் உள்ளே பஞ்சும் காற்றும்தான். ஒன்று என்று விட்டால் பதினைந்து நாளில் இரண்டாகும், இரண்டு நாலாகும். மேலே ஊதாப் பூ, பார்க்க லட்சணம். தூக்கிப் பாருங்கள், அடியில் ஈரத் தலைமயிர் போலக் கறுப்பு வேர், அதில் நத்தை, புழு, அழுகல். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை விரலிடுக்கில் இருக்கும்.

இந்த இரண்டின் இலையையும் தண்டையும் ஒப்பிடுவதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அரளி எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. மற்றதை மோகனூர் ஆற்றோரத்திலிருந்து நாலு செடி, வாளியில் எடுத்து வந்து பழைய கிணற்றில் விட்டேன். ஆடியில் விட்டது. ஐப்பசியில் கிணற்றில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தக் கிணற்றைப் பற்றி உங்கள் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றுச்சுவர் கட்டாததால் என் அப்பா சென்னிமலைமீது வழக்கு என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்காக வரவில்லை. ஒரு தாவரவியல் மாணவி, தான் வளர்த்த செடி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இருந்தாள் என்று எழுதி வைப்பதைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் தரையோடு தரையாக வெட்டியவை. ஒரு ஆடு விழுந்து செத்த பிறகு, அம்மா பழனியம்மாள் சுற்றிலும் நெருக்கமாக அரளிக் குச்சி நட்டு வேலியாக்கினார். இந்த மழைக்குத் தண்ணீர் விளிம்புக்கு இரண்டடி கீழேவரை ஏறியிருந்தது. அதன்மேல் இரண்டடிக்கு இலை. அரளி வேலியை எடுத்துவிட்டால், அது ஊதாப் பூப் பயிரிட்ட வயல். அரளி விஷம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் ஆட்களைக் காப்பாற்றி நின்றது அதுதான்.

என் அண்ணன் சந்தோஷ்குமாருக்கு முப்பத்து நாலு வயது. பத்தொன்பது இடத்தில் பெண் கேட்டாயிற்று. விவசாயம் செய்கிறவனுக்குப் பெண் இல்லை என்றுவிட்டார்கள். இருபதாவதாக ஒரு வீடு ஒத்துக்கொண்டது. திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவர்கள். ஒரு நிபந்தனை சொன்னார்கள். அவர்கள் பெண் கனிஷ்கா எங்கள் வீட்டுக்கு வந்தால், அவளுடைய அண்ணன் சபரிநாதனுக்கு நான் போக வேண்டும். அவருக்கு முப்பத்தாறு. எனக்கு இருபத்திரண்டு.

"குடுத்து எடுக்கறது கண்ணு," என்றார் அப்பா. "ரெண்டு ஊட்லயும் அடுப்பு எரியும்."

"எம் படிப்புங்கப்பா? இன்னும் ஆறு மாசந்தான்."

"அவிய படிக்கச் சொன்னாப் படி. நாம என்னத்தச் சொல்றது."

சபரிநாதன் முதல்முறை வந்தபோது வண்டிச் சாவியால் காதைக் குடைந்து, அதை எங்கள் நாற்காலிக் கையில் துடைத்தார். பிறகு அதே கையால் என் அம்மா கொடுத்த ஜிலேபியை எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாப்பா வத்தலாட்டம் இருக்குது. நம்மூட்டுச் சோறு ஆறு மாசம் உள்ள போனாத் தேறிரும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தான். அந்த நாற்காலியில் நான் இன்றுவரை உட்காரவில்லை.

பெண் கொடுப்பதற்கு முன் காடு தோட்டம் பார்க்க வருவது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கிணற்றின் தெற்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து வரும் நடைத்தடம் முட்டுகிற இடத்தில், இரண்டு அரளிச் செடிகளை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன். ஆய்வுக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு என் படிப்பு என்றால் மறுபேச்சுக் கிடையாது. வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்தது.

அது சபரிநாதனுக்காக. அதை மறைக்கவில்லை.

முன்பெல்லாம் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்களாம். தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கல் போட்டுப் பார்ப்பார்களாம். இவர்கள் ரிக்காரர்கள். நேரே போர் மோட்டாரிடம் போய் நின்றுகொண்டார்கள்.

"எத்தனை அடிங்க மாமா?"

"எண்ணூறுங்க மாப்ளே."

"அட, நம்ம வண்டிய உட்டிருந்தா ஐந்நூறுலயே பீச்சியடிச்சிருக்குமுங்க. எவனோ உங்க தலைல மொளகா அரைச்சுப்போட்டான்."

மறுபடி சிரிப்பு. பழைய கிணறு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா காட்டியிருப்பார். அந்தத் தவறு அவர்களுடையது, என்னுடையது இல்லை. நான் இரண்டு முறை, "தோட்டத்தைச் சுத்திப் பாருங்க," என்றேன். வெயிலாக இருக்கிறது என்று சபரிநாதன் மோட்டார் நிழலை விட்டு நகரவில்லை.

"நா வாரேனுங்க்கா," என்றாள் அவர்களோடு வந்திருந்த கனிஷ்கா.

இருபது வயது. பி.காம். இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்கள், நின்றுவிட்டாள். அவ்வளவுதான். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அம்மா கேட்டதற்குத் தன் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். எதைக் கேட்டாலும் "சரிங்க". வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. என்னை அருவருக்க வைத்தது சபரிநாதன் மட்டுமில்லை. இப்படித் தள்ளுகிற பக்கமெல்லாம் போகிற பெண்கள் இருப்பதால்தான் என்னைப் போன்றவர்களையும் தள்ளிப் பார்க்கிறார்கள்.

தடத்தில் நடக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. கொடுத்து எடுக்கிற சம்பந்தத்தில் ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் போய்விடும். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை.

வேலிக்குப் பத்தடி முன்னால் அவள் நின்றாள். திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, உங்களுக்கு எங்கண்ணனப் புடிக்கலீங்கள்ல? எனக்குத் தெரியுமுங்க. ஜிலேபி திங்கறப்ப நீங்க பாத்த பார்வைய அவனே சொல்லிக் கெடந்தான்."

நான் வேலிப் பக்கம் நடந்தேன், அவள் கூடவே வந்தாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. ராத்திரி எங்கூட்ல நானே மாப்ள புடிக்கலைன்னு சொல்லிப்போடறேன். ரெண்டும் நின்னுபோயிரும். அடிப்பாங்க, ரெண்டு நாளைக்கு. அடிச்சாப் போகுது. நீங்க படிங்க்கா."

இதை ஏன் முதல் வாக்குமூலத்தில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு மதிப்பு இருந்தால்தானே சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு அனுமதி கேட்கிறவள் கல்யாணத்தை நிறுத்துவாள் என்று எப்படி நம்புவது? வீட்டுக்குப் போனதும் ஓர் அதட்டலில் அடங்கியிருப்பாள். நான் நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கும்.

"பூ நல்லாருக்குதுங்க்கா. இது என்ன வெள்ளாமைங்க?" என்றாள் அவள், சந்து வழியாகப் பார்த்து.

"ஆய்வுக்குப் போட்டது. வேணும்ன்னாப் பறிச்சுக்க, போ சாமி," என்றேன்.

செருப்பை வேலியோரம் கழற்றி வைத்தாள். பயிரை மிதிக்கக் கூடாதாம். அப்புறம் கால் வைத்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. இலை ஒதுங்கி மறுபடி கூடிக்கொண்டது. தலை ஒரு முறை வெளியே வந்தது, அந்தக் கறுப்பு வேர் முகத்தில் ஒட்டியிருந்தது. "அக்கா" என்றாள். இரண்டாவது முறை வந்தபோது பாதிதான் கேட்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் எல்லோரும் இருந்தார்கள். கிணற்றுக்குள் இறங்கும் படி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஏழு வயதில் நான் நீச்சல் பழகியது அதில்தான். இவற்றை நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இலை அசைவது நிற்கும்வரை இருந்தேன். பிறகு கத்தினேன். சபரிநாதன்தான் முதலில் ஓடி வந்து குதித்தார். அவருக்கு நீச்சல் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். அவரை இழுத்துப் போடவே நாலு பேர் வேண்டியிருந்தது. கரையில் கிடந்து அந்தச் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார், மூக்கு ஒழுக. பார்க்கச் சகிக்கவில்லை.

சம்பந்தம் நின்றுவிட்டது. வருகிற சித்திரையில் எனக்குக் கடைசிப் பரீட்சை.

ஆகவே 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'தெரிந்தே செய்தாள்' என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள், போடுகிறேன். கூடவே இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவள் தலையெழுத்தை முடிவு செய்ய இருந்தார்கள். அதை நான் நடக்க விடவில்லை.