சுவரில் நடித்தவர்

— அழாதேங்கோ அக்கா. சங்கம் எல்லாத்தையும் பாக்கும் எண்டு சொன்னனெல்லோ.

— நான் எங்கை தம்பி அழுறன்? இவர் போனைத் தா தா எண்டு பறிக்கிறார்.

— எவர் அக்கா?

— எவரோ? செத்தவர்தான்! யோகராஜா கதைக்கிறன். என்ன சிறீதரன், என்னைக் கேளாமலே என்னைச் சாக்காட்டிப்போட்டீர்?

— ஐயோ பிள்ளையாரே! அண்ணை... நீங்கள் உயிரோடயோ?

— ஏன், உமக்கு அதில ஏதும் கஷ்டமோ?

— கோவிக்காதேங்கோ அண்ணை. நான் ஓல்டனில, வேலையில நிக்கிறன். வயோதிபர் இல்லத்தில ஒரு கிழவிக்குச் சூப் பருக்கிக்கொண்டு நிக்கிறன். உங்கட குரலைக் கேட்டுக் கரண்டியைக் கோப்பைக்குள்ள விட்டிட்டன்.

— அந்தச் சீவனுக்கு மேல ஊத்திப்போடாதையும். கோப்பையை வைச்சிட்டு வெளியில வந்து கதையும். காலமை கடையில பக்கத்து வீட்டு மேர்சி என்னைக் கண்டுபோட்டு, கையில இருந்த தக்காளியெல்லாத்தையும் நிலத்தில போட்டிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினவ. என்னெண்டு பாத்தால், போனில மரண அறிவித்தல்! 'சுவிஸ் பேர்ன் பூம்ப்ளிஸை வதிவிடமாகக் கொண்ட முன்னாள் துணை நடிகர்...' துணை நடிகரோ? ஆரடாப்பா துணை நடிகர்?

— இஞ்சருங்கோப்பா, செத்த கோவமோ, துணை நடிகர் எண்ட கோவமோ? ஒண்டை முதல்ல முடியுங்கோ.

— ரெண்டும்தான் சந்திரமதி! சாவு எனக்குப் புதிசில்லை. கொழும்பில எடுத்த பதினொரு தமிழ்ப்படத்தில நடிச்சு ஒன்பதில செத்தனான். கத்திக்குத்து, கிணறு, பாம்பு, ஒருக்கால் றெயில். விழேக்கை கதாநாயகன்ர முகம் மறையாமல் இடப்பக்கம் சரிஞ்சு விழோணும், தெரியுமோ? அதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. அப்பிடி விழுறவனுக்குப் பேர் குணச்சித்திர நடிகர். எழுதும் அதை!

— எழுதுறன் அண்ணை, எழுதுறன். ஆனால் உள்ளதைச் சொல்லுறன், பிழை என்னிலை மட்டுமில்லை. மூத்த கலைஞர் மதிப்பளிப்புக்கு உங்கட நல்ல படம் ஒண்டு கேட்டனான். உங்கட போனில இருந்து வந்த படத்தில பெரிய மாலை, சந்தனப் பொட்டு, முன்னால குத்துவிளக்கு. கீழ கும்பிட்ட கை ரெண்டு. தமிழனாப் பிறந்தவன் வேற என்னெண்டு நினைக்கிறது?

— கும்பிட்ட கை நான் நன்றிக்குப் போட்டது தம்பி.

— 'யோசியாதேங்கோ அக்கா, ஞாயிறு எல்லாம் சிறப்பாச் செய்வம்' எண்டு நான் எழுத, நீங்கள் திரும்பவும் கும்பிட்டனீங்கள்.

— பின்னை? சிறப்பாச் செய்யிறம் எண்டால் கும்பிடாமல் என்ன செய்யிறது? மற்றப் படமெல்லாத்திலயும் இவருக்கு நெஞ்சில கத்தி, வாயில ரத்தம். இதிலதான் மனிசன் வெள்ளைச் சேட்டோட, தலை வாரி இழுத்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். அந்த மாலை என்ர கண்ணிலை படுறதே இல்லை. எங்கட வீட்டில அது சினிமாப் படம்.

— சினிமாவோ?

— ஓம் சிறீதரன். நான் கடைசியா நடிச்ச படம். எழுபத்தெட்டாம் ஆண்டு. கதாநாயகன்ர தகப்பன் நான். ஆறு சீன் நடிச்சனான். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் குந்தினால், ஆறும் இல்லை. கதை தொடங்க முதலே தகப்பன் செத்துப்போனார். மாலையோட சுவரில தொங்குறன். மகன் வந்து வந்து எனக்கு முன்னால நிண்டு அழுறான். முழுப் படமும் சுவரிலதான் நடிச்சனான்!

— ஏன் வெட்டினவங்கள்?

— 'உம்மட நடிப்புச் சரிவரேல்லை' எண்டு தயாரிப்பாளர் சொன்னார். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நான் ஒரு கமராவுக்கு முன்னாலயும் நிக்கேல்லை. எண்பத்தைஞ்சில இஞ்சை வந்து, ஹொட்டேல் குசினியில இருபத்தாறு வருசம் சட்டி கழுவினன். செஃப் ஒருக்கால் கேட்டான், முந்தி என்ன வேலை செய்தனீ எண்டு. நடிகன் எண்டன். பெரிய சிரிப்பொண்டு சிரிச்சான். எனக்கு வந்த கோவத்தில அதில நிலத்தில விழுந்து செத்துக் காட்டினன். மனிசன் அம்புலன்ஸுக்கு அடிச்சுப்போட்டான்!

— அந்தக் கதையை எத்தினை பேருக்குச் சொல்லுவியள்?

— உயிர் இருக்குமட்டும் சொல்லுவன். தம்பி, இப்ப அந்த அறிவித்தலை எடும். கெமைண்டயில, நகரசபைக் கந்தோரில பதிஞ்சால்தான் நான் செத்தது. நீர் பேஸ்புக்கில போட்டாப்போல இல்லை.

— கோவிக்காதேங்கோ அண்ணை, ஒரு சின்னக் கரைச்சல். மதிப்பளிப்புக்கு வாறம் எண்டு பத்தொன்பது பேர்தான் பேர் தந்தவை. அஞ்சலிக் கூட்டமா மாத்தினவுடன இருநூற்றி அறுபது! சூரிச்சில இருந்து பஸ் பிடிச்சு வருகினம். எங்கட சங்கத்துப் பொடியன் கோபிசன் கவிதை எழுதி முடிச்சிட்டான். இப்ப போய் ஆள் இருக்கிறார் எண்டால் சங்கத்தின்ர மானம் கப்பலேறிப்போகும். ஞாயிறு முடியுமட்டும் நீங்கள் வெளியில தலை காட்டாமல் வீட்டுக்குள்ள இருந்தால்...

— என்ன? என்ர அஞ்சலிக் கூட்டத்துக்கு நான் ஒளிச்சிருக்கோணுமோ? விசரே உமக்கு! நான் வருவன். முன்வரிசையில குந்துவன். வடையும் தின்னுவன்.

— மெல்லமாக் கதையுங்கோப்பா, பிறசர் ஏறப்போகுது.

— ஏறட்டும்! உயிரோட இருக்கிறவனுக்குப் பத்தொன்பது, பிணத்துக்கு இருநூற்றி அறுபதோ? அத்தினை பேரும் என்ர முகத்தைப் பாக்கட்டும். பாத்துப்போட்டு வெக்கப்படட்டும். ஆர் ஆர் கதைக்கினம்? நிகழ்ச்சி நிரலை வாசியும்.

— விளக்கேற்றல், அகவணக்கம், கோபிசன்ர கவிதை. பிறகு நினைவுரை, ஜெனீவாச் சந்திரகுமார்.

— ஆர்?

— உங்களோட நடிச்ச கதாநாயகன்தான் அண்ணை.

— அந்தப் படத்தில எனக்கு மகனா நடிச்சவன்! மதிப்பளிப்புக்கு நீர் கேக்கேக்கை, யோகராஜாவோட ஒரு மேடையில ஏறமாட்டன் எண்டவனெல்லோ? நாப்பது வருசமா ஒரே நாட்டில இருக்கிறம். கலியாணவீட்டில என்னைக் கண்டால் மற்றக் கதவால போற மனிசன். இப்ப நான் செத்தவுடன வாறாராமோ? பெரிய நெஞ்சுதான்!

— உரையை எழுதி அனுப்பினவர். உள்ளதைச் சொல்லுறன், வாசிக்க எனக்கே ஒரு மாதிரிப் போச்சு. நீங்கள் கேக்காமல் விடுறது நல்லம் அண்ணை.

— வாசியும்.

— 'யோகராஜாவுக்கு அந்தப் படத்தில ஆறு சீன் இருந்தது. கடைசிச் சீனில தகப்பன் மகனை வீட்டைவிட்டுக் கலைக்கோணும். கத்திக் கலைக்கோணும் எண்டுதான் எழுதியிருந்தது. அவர் கத்தேல்லை. என்ர சேட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டிட்டு, மெல்லமா, போ எண்டார். லைற் பிடிச்சவங்களும் அழுதாங்கள். என்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. அண்டைக்கே தயாரிப்பாளரிட்டைச் சொன்னன், ஒண்டில் அவர், இல்லாட்டி நான் எண்டு. நடிப்புச் சரிவரேல்லை எண்டு அவருக்குச் சொல்லச் சொன்னதும் நான்தான். உயிரோட இருக்கேக்கை அவற்ர முகத்தைப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை...' இன்னும் இருக்கு அண்ணை.

— காணும், நிப்பாட்டும்.

— இஞ்சருங்கோ... தண்ணி கொண்டரட்டோ?

— வேண்டாம். சந்திரமதி, கேட்டனீரோ? சரிவந்ததாம். என்ர நடிப்புச் சரிவந்ததாம்! இவ்வளவு காலமும் நான்... ச்சீ, என்ன சீவியமடாப்பா.

— எனக்குத் தெரியும்தானே. அந்த ஆறு சீன் வசனத்தையும் நீங்கள் குளியலறைக்குள்ள சொல்லாத நாளில்லை. எனக்கே மனப்பாடம்.

— மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இப்பவே அறிவித்தலை எடுக்கிறன். சந்திரகுமாருக்கும் அடிச்சு, நீங்கள் இருக்கிறியள் எண்டு சொல்லிவிடுறன். சங்கத்துக்கு வாறது வரட்டும்.

— அறிவித்தலைத் தொட்டுப் பாரும், அப்ப தெரியும்! உயிரோட இருக்கிறவனுக்கு முன்னால அவன் இதில ஒரு எழுத்தும் வாசியான். இருநூற்றி அறுபது பேருக்கு முன்னால அவன் இதை வாசிக்கோணும். அதுவரைக்கும் நான் செத்தவன். அவன் வாசிச்சு முடியக் கதவைத் திறவும், நான் நடந்து வாறன்.

— வந்து? சண்டை பிடிக்கப்போறியளோ அண்ணை?

— சண்டையோ? எனக்கு ஆறு சீன் நடிக்கக் கிடக்கு. அவனை மேடையால இறங்க விடாதையும் தம்பி, மகன் இல்லாமல் தகப்பன் என்னெண்டு நடிக்கிறது?