நான் சொல்லிக்கொடுத்த பதில்

நான் வீட்டில் குரலை உயர்த்திப் பேசுகிறவன் அல்ல, மச்சான். வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் உங்கள் தங்கையை ஒருமுறைகூட 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கேட்கிறீர்கள். நானும் மறைக்காமல் சொல்கிறேன். அவள் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே தூங்குகிறாள், அவசரமில்லை.

அவளுக்கு அந்த நேர்முகத் தேர்வு வந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். மென்பொருளில் தரம் பார்க்கிற வேலை. ஒருவர் செய்து முடித்ததை வாங்கி, அது எங்கே உடையும் என்று தேடிச் சொல்வது. நானும் அதே தொழில்தான். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே குழுவில் இருந்தது உங்களுக்குத் தெரியும். நான் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒன்றை, அவள் ஒருநாள் எல்லோர் முன்னாலும் நொடியில் உடைத்துக் காட்டினாள். சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். நானும் சிரித்தேன். அந்தக் கண்ணுக்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று நண்பர்களிடம் சொல்வது வழக்கம்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி விண்ணப்பம் போட்டாள். அழைப்பு வந்த அன்று அவள் கால் தரையில் பாவவில்லை. எந்தக் கம்பெனி என்று சொன்னபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நிதானமாகக் குடித்து முடித்தேன்.

அந்தக் கம்பெனிக்கு அதற்கு முந்தைய மாதம்தான் நான் போய் வந்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேள்வி கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், "உங்களுக்கு இவ்வளவு வருஷ அனுபவம்னு போட்டிருக்கே?" என்று காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அதன்பிறகு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை. என்னென்ன கேட்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றீர்களே, இப்படித்தான்.

"வா, நானே சொல்லித் தரேன்," என்றேன். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம். நல்ல நாட்கள் அவை.

எங்கள் தொழிலில் ஓர் அரிச்சுவடிக் கேள்வி உண்டு. ஒரு பிழை எவ்வளவு சேதம் செய்யும் என்பது ஒன்று. அதை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். நான் பெயர்களை மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன்.

"நான் இதைத் தலைகீழாதானே படிச்சேன்?" என்றாள்.

"அது அந்தக் காலம். இப்ப மாத்திட்டாங்க. வீட்டிலேயே இருந்துட்ட, உனக்கு எப்படித் தெரியும்?"

கம்ப்யூட்டரில் தேடப் போனாள். "புருஷன் பேச்சைவிட அது பெரிசா?" என்று சிரித்தபடி கேட்டேன். மூடிவிட்டாள். இன்னொன்றும் சொன்னேன். "நீ சொல்றது தப்புன்னு சொல்லிப் பார்ப்பாங்க. அசையாதே. உறுதியா நிக்கிறியான்னுதான் பார்க்கிறாங்க."

தேர்வு வீட்டிலிருந்தேதான், கம்ப்யூட்டர் வழியாக. அவள் படுக்கையறையில். நான் பாப்பாவோடு கதவுக்கு வெளியே. அதே அம்மாளின் குரல்.

"மாத்திச் சொல்றீங்களேம்மா. பதறாம யோசிங்க."

"இல்லைங்க மேடம், இதுதான் சரி."

மறுபடி கேட்டார். மறுபடியும் அடித்துச் சொன்னாள். அப்புறம் ஓர் ஆண்குரல், "தப்பா எடுத்துக்காதீங்க, இந்த வேலையை நீங்க நிஜமாவே செஞ்சிருக்கீங்களா?" என்றது. நான் பாப்பா வரைந்த சூரியனுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து நின்றாள். "நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்?"

"நான் சரியாத்தானே சொல்லிக்கொடுத்தேன். நீ மாத்திப் பிடிச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

அந்தக் கண்ணில் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. என் மேல் அல்ல, தன் மேல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நிம்மதியாக இருந்தது.

அத்தோடு விட்டிருப்பேன். வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது. என்ன செய்வது? அவள் வைத்த சாவியை வேறிடத்தில் வைத்தேன். அவள் அணைத்த அடுப்பைத் திருகிவிட்டேன். கேஸ் வாசம் வரும் அளவுக்குத்தான், ஜன்னல் திறந்திருந்தது. பாப்பா அதைப் பார்த்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். குழந்தை பொய் சொல்லவில்லை. ஒருநாள் காலை, "சாயங்காலம் பாப்பாவை நான் கூட்டிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பாப்பா பள்ளி வாசலில் மழையில் நின்று காய்ச்சலில் விழுந்தாள். "நீதானே போறேன்னு சொன்ன?" என்றேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டரிடம் போகலாம் என்றது அவள்தான், நான் அல்ல. அவர் கேட்டதற்கெல்லாம் அவளுக்காக நான் பதில் சொன்னேன். இப்போது பாப்பாவைக் குளிப்பாட்டவே பயப்படுகிறாள், தன் கை பட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று. அதனால்தானே பாப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல்லி உங்களுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள்.

ஆமாம் மச்சான், எல்லாம் நான்தான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்பீர்கள். சொல்லுங்கள். அவள் எழுந்ததும் நான் சொன்னதை ஒன்றுவிடாமல் அவளிடமும் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். "அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் அண்ணா, நீங்க எதையோ தப்பா கேட்டிருப்பீங்க," என்பாள்.

புருஷன் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிற பெண்ணை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?