உப்புக்கு இரண்டு கை

"உப்புக்கு மட்டும் எனக்கு ரெண்டு கையும் வேணும்க்கா" என்று முன் சீட்டுப் பெண் சொன்னதும்தான் நான் காது கொடுத்தேன். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ். உப்பளத்தில் வேலை செய்யும் அவள், வீட்டு வேலைக்காக அடுத்த வாரம் குவைத் போகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்த கூனிமேட்டு அம்மா அங்கே இருந்துவிட்டு வந்தவர். அரபி வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சாடை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"மில்ஹ்னா உப்பு. கிள்ளிப் போடற மாதிரி காட்டுன்னேன். நீ என்னா, எதையோ இழுக்கற?"

"எனக்கு உப்புன்னா பாத்தியில வாரறதுதான்க்கா. கிள்ளிக் காட்டுனா பேரு மறந்துபோவுது. வாரிக் காட்டுனா வந்துடுது."

"சரி, அப்படியே வெச்சிக்க. தண்ணி?"

கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனாள். "மாய்."

பிறகு அவளே கேட்டாள்.

"ஒடம்பு முடியலன்னா என்னாக்கா சொல்லணும்?"

"அனா தாபானா."

"அதுக்குக் கை எப்படி?"

"அதுக்குக் கை வேணாம், செல்வி. நான் மொத வருஷம் ஜுரத்தோட நெத்தியத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். பாக்காத மாதிரியே போனாங்க. வாயத் தொறந்து சொன்ன அன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க."

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.