வெள்ளிக்கிழமை போன இடம்

ஜாய்லின்: ...அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. கையெழுத்துப் போடுதியளா, மாட்டியளா? நாலு மணிக்குள்ள ஃபாரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பணும். இப்பவே ரெண்டேகால் ஆயிட்டு.

பெருமாள்சாமி: போடலாம் மேடம், போடலாம். அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் கிடையாதுன்னு சொல்லிட்டான். தெருவுல ஒரு தறி ஓடல. இப்படிச் சத்தமில்லாம பேசுததுக்கு மாசத்துல ஒரு நாள்தான் வாய்க்கி.

ஜாய்லின்: உங்களுக்கு நேரம் கிடக்கு. வள்ளித்தாய்க்கு இல்லையே! அப்புறம், மேடம்னு சொல்லாதீங்க. உங்க மகளைவிட ஏழு வயசுதான் எனக்குக் கூட.

சுந்தரம்மாள்: நல்லாக் கேளும்மா. ஞாயித்துக்கிழமையிலேருந்து நானும் கேக்கேன். பல்லுல நூலைக் கடிச்ச மாதிரி வாயைத் திறக்காமலே அலையுதாரு. இந்தா, காப்பி. சீனி போதுமா பாரு.

ஜாய்லின்: போதும்க்கா... அண்ணாச்சி, திரும்பவும் ஒரு தடவை சொல்லுதேன். பாறை, மண்ணு, நிலத்தடித் தண்ணி... இதெல்லாம் படிக்கிற பிள்ளைங்க மூணாம் வருசத்துல ஒரு தடவையாவது வெளியூர்ல தங்கி, காட்டுல மேட்டுல நடந்து, எந்தப் பாறை எங்க இருக்குன்னு படம் வரையணும். பதினெட்டு நாள். அரியலூர் பக்கம்.

பெருமாள்சாமி: அதான் தெரியுமே.

ஜாய்லின்: அந்த கேம்ப்புக்குப் போகலன்னா ஸ்காலர்ஷிப் நின்னுரும். காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் கட்டுத அத்தனையும் எங்க அறக்கட்டளைதான் கட்டுது. அது நின்னா வள்ளி மூணாம் வருசம் வீட்டுலதான் இருக்கணும். அதுவும் தெரியும்லா?

பெருமாள்சாமி: ...தெரியும்.

சுந்தரம்மாள்: தெரிஞ்சுக்கிட்டுத்தான் இப்படிக் குத்துக்கல்லாட்டம் இருக்காரு.

பெருமாள்சாமி: ஏளா, நீ சும்மா இரு. நான் மேடத்துக்கிட்ட நாலு கேள்வி கேக்கணும். ஏம்மா, நீயும் இதே ஸ்காலர்ஷிப்ல படிச்ச பிள்ளைதானே?

ஜாய்லின்: ஆமா. அதனாலதான் வள்ளிக்குத் துணையா என்னைப் போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை தோறும் போன்ல பேசுவோம். படிப்பு, பரீட்சை, பல்லுவலி, எல்லாம் பேசுவோம்.

பெருமாள்சாமி: அப்ப நீயும் அந்த கேம்ப்புக்குப் போயிருப்ப.

ஜாய்லின்: ம்... போயிருக்கேன். எல்லாரும் போகணும்லா.

பெருமாள்சாமி: பிள்ளைய எங்கன தங்க வைப்பாவ?

ஜாய்லின்: ஒரு பழைய ஸ்கூல் விடுதி. லீவுல காலியா இருக்கும், அதை வாங்கிக் கொடுப்பாங்க. மாடியில பொம்பளைப் பிள்ளைங்க, கீழ பையங்க.

பெருமாள்சாமி: மாடியில...?

ஜாய்லின்: மாடியிலதான். ரொம்பப் பாதுகாப்பு.

பெருமாள்சாமி: ஓகோ. தண்ணி?

ஜாய்லின்: பைப்பைத் தொறந்தா கொட்டும் அண்ணாச்சி. காலையிலயும் வரும், ராத்திரியும் வரும்.

பெருமாள்சாமி: கொட்டுமோ! நல்லதாப் போச்சு. சுத்திச் சுவரு இருக்குமா?

ஜாய்லின்: ஆள் ஒசரத்துக்கு மேல. பெரிய இரும்பு கேட்டு.

சுந்தரம்மாள்: இப்ப எதுக்குச் சிரிக்கிய?

பெருமாள்சாமி: யாரு சிரிச்சா? மீசையத் தடவினேன்.

ஜாய்லின்: அண்ணாச்சி, சுத்தி வளைக்காம கேட்டுருதேன். வெள்ளிக்கிழமை எங்க போனிய?

பெருமாள்சாமி: ...அது யாரு சொன்னா?

ஜாய்லின்: வள்ளிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுலேருந்து அவளுக்குப் போன் போயிருக்கு. "உங்கப்பா சலவை வேட்டி கட்டி, புதுச்சட்டை போட்டு, உங்க மாமாவையும் கூட்டிக்கிட்டு, நல்ல நேரம் பாத்து ரயில் ஸ்டேஷனுக்குப் போறாரு"ன்னு.

சுந்தரம்மாள்: போனவரு ஞாயித்துக்கிழமை விடியத்தான் வாராரு! எங்கன்னு கேட்டா "ஒரு சோலி"ங்காரு. கூடப் போனவன் என் கூடப்பிறந்த தம்பி. குற்றாலநாதன் ஒரு வார்த்தையை வயித்துல வச்சிருக்க மாட்டான். அவனும் "அத்தான் சொல்லக்கூடாதுன்னுட்டாரு"ங்கான். சட்டைப்பையைத் துழாவினேன். ஒரு மிட்டாய்க் காயிதம்தான் இருந்துச்சு.

பெருமாள்சாமி: பையை வேற துழாவினியா?

சுந்தரம்மாள்: துழாவாம? பெத்தவ எங்கிட்டச் சொல்லாம எந்த ஊருல மாப்பிள்ளை பாத்துட்டு வந்திய?

பெருமாள்சாமி: மாப்பிள்ளையா? எவன் சொன்னான்?

சுந்தரம்மாள்: சலவை வேட்டி சொல்லுது! தாய்மாமனையும் சேத்துக்கிட்டு வேற எதுக்குப் போவாவளாம்? தறிக்குச் சாமான் வாங்கவா?

ஜாய்லின்: அண்ணாச்சி, கோவப்படாதீங்க. இடம் முடிவாயிட்டா?

பெருமாள்சாமி: ...இடம் நல்ல இடம்தான். பாத்தவரைக்கும் குறை சொல்ல ஒண்ணுமில்ல.

சுந்தரம்மாள்: கேட்டியாம்மா! வாயால ஒத்துக்கிட்டாரு! ஐயோ, என் பிள்ளை...

ஜாய்லின்: அக்கா, அழாதீங்க. அண்ணாச்சி, வள்ளி நேத்து எங்கிட்ட என்ன சொன்னான்னு தெரியுமா?

பெருமாள்சாமி: என்ன சொன்னா?

ஜாய்லின்: "அக்கா, எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு போலுக்கு. அவருகிட்ட மல்லுக்கட்ட எனக்கு மனசு வரல. வெயிட்டிங்ல ஒரு பிள்ளை இருக்கால்லா, என் இடத்தை அவளுக்குக் கொடுத்துருங்க. அவளாவது போகட்டும்"னு.

பெருமாள்சாமி: அழுதாளா?

ஜாய்லின்: அழக்கூட இல்ல. பேரு, ஊரு, எல்லாம் சரியாச் சொல்லி, ஒரு லெட்டர் மாதிரி சொன்னா. அதைக் கேட்டுட்டுத்தான் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சேன்.

பெருமாள்சாமி: அப்படியா சொன்னா...? கிறுக்குப் பிள்ளை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா...

சுந்தரம்மாள்: நீங்க சொல்லியிருக்கலாம்லா!

பெருமாள்சாமி: சரி, சொல்லுதேன். ரெண்டு பேரும் கத்தக்கூடாது. ஏம்மா ஜாய்லின்... அந்தக் கட்டடத்துல மாடியே கிடையாதே.

ஜாய்லின்: எந்தக் கட்டடத்துல?

பெருமாள்சாமி: பிள்ளைங்க தங்குத கட்டடத்துல. ஓட்டுக் கட்டடம். நீளமா ஒரே வரிசை. பைப்பும் கிடையாது. பின்னால கிணறு, அதுல மோட்டாரு. மோட்டாரைப் போட்டா தொட்டி ரொம்பும். சுவரு என் இடுப்பு ஒசரம். கேட்டு இல்ல, ஒரு சங்கிலிதான் கிடக்கு.

ஜாய்லின்: அண்ணாச்சி...

சுந்தரம்மாள்: இருங்க, இருங்க. வெள்ளிக்கிழமை நீங்க போனது...

பெருமாள்சாமி: அங்கனதான். பதினெட்டு நாள் பிள்ளைய ஒரு இடத்துல விடணும்னா போய்ப் பாக்கவேண்டாமா? கட்டிக்கொடுக்கப்போற வீட்டை எப்படிப் பாப்பமோ அப்படித்தான் பாத்தேன். எனக்கு வேற எப்படிப் பாக்கன்னு தெரியாது. டீக்கடையில விசாரிச்சேன், கோயில்ல விசாரிச்சேன், அக்கம்பக்கம் மூணு வீட்டுல விசாரிச்சேன். இந்த விடுதியில குடி, கூத்து உண்டா? தண்ணி எப்படி? ராத்திரி ஆளு நடமாட்டம் உண்டா?

சுந்தரம்மாள்: சலவை வேட்டிய கட்டிக்கிட்டா?

பெருமாள்சாமி: பின்ன, கைலியோட போய் நின்னா எவன் பதில் சொல்லுவான்? அதுலதான் வினையே வந்துச்சு. டீக்கடைக்காரரு, "பொண்ணு என்ன படிச்சிருக்கு?"ன்னு கேட்டாரு. நானும் பெருமையா, "ஜியாலஜி"ன்னு சொல்லிட்டேன். "மாப்பிள்ளை யாரு, நம்ம விடுதி வாட்ச்மேன் மகனா?"ன்னாரு. உடனே உன் தம்பி இருக்கானே...

சுந்தரம்மாள்: என்ன சொன்னான்?

பெருமாள்சாமி: "இன்னும் முடிவாகல"ன்னுட்டான்!

ஜாய்லின்: ஐயையோ!

பெருமாள்சாமி: அரைமணி நேரத்துல வாட்ச்மேன் வீட்டுலேருந்து கேசரி வருது. அந்தப் பையன் தலையப் படிய வாரி, வேற சட்டை மாத்திட்டு வந்து நிக்கான். தங்கமான பையன். பாவமாப் போச்சு எனக்கு. எப்படிச் சொல்லிப் புரிய வச்சேன்னு எனக்கே தெரியல. உன் தம்பி அதுக்குள்ள ரெண்டு தட்டு கேசரியை முடிச்சிட்டான்.

சுந்தரம்மாள்: அவன் முடிப்பான்.

ஜாய்லின்: சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வருது அண்ணாச்சி... ஒரு நாள் வேலைதானே, ஏன் அவ்வளவு நேரம்?

பெருமாள்சாமி: குளிக்குத ரூம் நாலுக்கும் உள்பக்கம் தாப்பாப் போடக் கொண்டி இல்ல. வாட்ச்மேன் "சொல்லிருக்கேன், வரும்"ங்காரு. வரும்னா எப்ப வரும்? நான் அரியலூருக்குத் திரும்பிப் போய், நாலு கொண்டி, ஸ்க்ரூ எல்லாம் வாங்கிட்டு வந்து மாட்டினேன். நாலு கதவையும் சாத்தி, உள்ள நின்னு, உன் தம்பியை வெளியேருந்து தள்ளச் சொல்லிப் பாத்தேன். அசையல.

சுந்தரம்மாள்: ...இதை எங்கிட்டச் சொல்ல என்ன உங்களுக்கு?

பெருமாள்சாமி: போய்ப் பாத்து, சரியில்லன்னா வேண்டாம்னு சொல்லணும்லா? முன்னாலயே ஆசை காட்டிட்டு அப்புறம் இல்லன்னா அந்தப் பிள்ளை முகத்தைப் பாக்க முடியுமா? ஏம்மா, இன்னொண்ணு. அங்கன வயக்காட்டுல சிப்பி கிடக்கு. கடல் எங்கயோ இருக்கு, இங்கன எப்படிச் சிப்பி? கையில எடுத்தா கனக்கு. கல்லு!

ஜாய்லின்: கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால அதெல்லாம் கடல் அண்ணாச்சி. அதைப் படிக்கத்தான் வள்ளி போறா.

பெருமாள்சாமி: அப்படியா... அதை அவ எனக்குச் சொல்லட்டும். நான் தெரியாத மாதிரிக் கேட்டுக்கிடுதேன்.

சுந்தரம்மாள்: ஞாயித்துக்கிழமையே வந்துட்டியளே. அப்பவே கையெழுத்துப் போட்டிருக்கலாம்லா?

பெருமாள்சாமி: ஒண்ணு பாக்கி. பிள்ளைங்க கூட ஒரு பொம்பளை ஆளு தங்கும்னு ஃபாரத்துல போட்டிருக்கு, பேரைக் காணும். அங்கன கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. மேடம் வந்தா கேக்கலாம்னு இருந்தேன். வந்த மேடம் என்னடான்னா, ஓட்டு வீட்டுக்கு மாடி கட்டுதா. நானும் இதுக்கு மேல எவ்வளவு கட்டுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

ஜாய்லின்: ...தப்புதான் அண்ணாச்சி. இடுப்பு ஒசரச் சுவருன்னு தெரிஞ்சா விடமாட்டியளோன்னு...

பெருமாள்சாமி: சுவரு என்ன செய்யும்? ஊரு நல்ல ஊரு. ஆனா என் பிள்ளை வாரா வாரம் உன் பேச்சைத்தான் கேக்கா. உன் பேச்சுல மாடியும் கேட்டும் இருந்தா, நான் எதை நம்ப?

சுந்தரம்மாள்: ஏங்க, மணி மூணாகப்போகுது! அவகிட்ட அப்புறம் சண்டை போடுங்க.

பெருமாள்சாமி: பேனாவைக் கொண்டா... எங்கனம்மா, இந்தக் கோட்டு மேலயா?

ஜாய்லின்: ஆமா. கீழ தேதி.

பெருமாள்சாமி: இந்தா. போட்டாச்சு. நீ பொய் சொன்னதுக்கு என் பிள்ளை ஏன் வீட்டுல இருக்கணும்? போட்டோ எடு, அனுப்பு.

ஜாய்லின்: ...அனுப்பிட்டேன். போயிட்டு அண்ணாச்சி. ரெண்டு டிக் விழுந்துட்டு.

சுந்தரம்மாள்: வள்ளிக்குப் போனைப் போடு. முதல்ல அவளுக்குச் சொல்லணும்.

பெருமாள்சாமி: பொறு, போடலாம். ஏம்மா ஜாய்லின், கையெழுத்து உன் கைக்கு வந்துட்டு. இனி நீ என்ன சொன்னாலும் நான் அழிக்கப்போறதில்ல. உள்ளதைச் சொல்லு. நீ அங்கன போயிருக்கியா?

ஜாய்லின்: ...இல்ல அண்ணாச்சி. நான் அந்த ஊரைப் பாத்ததே கிடையாது. எங்கப்பா இதே ஃபாரத்தை நாலு நாள் கையில வச்சிருந்துட்டு, கையெழுத்துப் போடாம வெறும் கோட்டோட திருப்பிக் கொடுத்துட்டாங்க. எனக்கு ஸ்காலர்ஷிப் நின்னுபோச்சு. ரெண்டு வருசம் ஜவுளிக்கடையில நின்னுட்டு, அப்புறம்தான் படிச்சு முடிச்சேன். இப்ப பிள்ளைங்க கூடப் போகப்போற பொம்பளை ஆளு நான்தான். எனக்கு இருபத்தேழு வயசு, யாரு கையெழுத்தும் வேண்டாம். ஆனா அப்பாகிட்ட இன்னும் வாயைத் திறக்க முடியல, அதான் பேரு எழுதுத இடத்தைச் சும்மா விட்டு வச்சேன். எங்க ஊரு பனவடலிசத்திரத்துக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு அண்ணாச்சி... எங்க வீட்டுக்கு வந்து, அந்தக் கிணறு, கொண்டி, நல்ல ஊரு, எல்லாத்தையும் எங்கப்பாகிட்டயும் ஒரு தடவை சொல்லுதியளா?