மாத்தாள்

நதியா: மறுபடியும் கேக்கறேன், ஒழுங்கா சொல்லு. எட்டு மணி நேரம் நின்னுக்கினே வேல செய்வியாம்மா?

சங்கீதா: செய்வேன் சா...ர்.

நதியா: இழுக்காதடி. பிச்ச கேக்கற மாதிரி இருக்குது. கல்யாணம் எப்ப?

சங்கீதா: மாப்ள நீங்களே பாத்துக் குடுத்தா நாளைக்கே சார்.

நதியா: அறஞ்சேன்னா! இன்டர்வியூல இப்டி பல்லக் காட்டுனியானா அங்கியே அனுப்பிடுவானுங்க. ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே கெடயாது சார்னு சொல்லணும். அப்பால?

சங்கீதா: மேல படிக்கற ஐடியா இல்ல சார்.

நதியா: ஆங்... அத மறக்காத. படிக்கணும்னு வாயத் தொறந்தா செல்போன் கம்பெனில எவனும் எடுக்கமாட்டான். அப்புறம், காலைல தண்ணி கம்மியா குடி. பாத்ரூம் போறதுக்கு டோக்கன்.

சங்கீதா: அதுக்குமா? சரி, நீ மட்டும் நர்சிங் சேரப் போறேன்னு உங்க அம்மா முசரவாக்கம் பூரா சொல்லிக்கினு இருக்குதே?

நதியா: அது... ஆயிரம் சொல்லும். என் கதைய வுடு. கம்பெனி பஸ்ஸு வர்ற நேரம். மார்க் ஷீட்டு, டிசி எல்லாம் கவர்ல வச்சிட்டியா? ஒரிஜினலு?

சங்கீதா: வச்சிட்டேன்.

நதியா: எடு, பாக்கறேன்.

சங்கீதா: டேப்பு போட்டு ஒட்டிட்டேங்கா. மழ வந்தா நனஞ்சிடும்ல...

நதியா: வானத்துல பொட்டு மேகம் இல்ல, மழயாம். சரி சரி, மடிலயே வச்சிக்க. கீழ போட்டுடாத.

சங்கீதா: இன்னாக்கா, என்னவிட கவர் மேலயே கண்ணா கீற?

நதியா: உனக்கோசரம்தான்டி சொல்றேன். ஆமா, உங்கப்பா எப்டி வுட்டாரு? நீ இல்லன்னா தறி நின்னுடுமே.

சங்கீதா: நிக்கல. என் எடத்துல துர்கா ஒக்காந்துட்டா.

நதியா: உன் தங்கச்சியா? ஒம்பதாவது படிக்கிறவளா?

சங்கீதா: படிச்சவ. நூல் ஓட்டற நாடா இருக்குதுல்ல, பொடவ ஒடம்புக்கு ஒண்ணு, பார்டருக்கு வேற. எதிர்ப்பக்கத்து பார்டருக்கு இன்னொரு கை வோணும். அப்பா ஒத்த ஆளா ஒரு பொடவயும் நெஞ்சி அறுக்க முடியாது. "போறதுன்னா போ, மாத்தாள வுட்டுட்டுப் போ"ன்னாரு. அவ்ளோதான்.

நதியா: அழுதாளா?

சங்கீதா: மொத நாளு யூனிபாரத்தப் போட்டுக்கினே வந்து தறியில ஒக்காந்தா. அப்பா ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. மறுநாளு அவளே நைட்டி மாட்டிக்கினு வந்தா.

நதியா: அப்ப அவ பள்ளிக்கூடம்?

சங்கீதா: என் சம்பளம் வந்தா வேற ஆள வச்சிட்டு, அடுத்த வருஷம் அவள மறுபடியும் சேத்துடலாம்னு அம்மா சொல்லுது. இன்னாக்கா, மூஞ்சி ஏன் அப்டி பூட்ச்சி?

நதியா: ஒண்ணுமில்ல. வெயிலு.

சங்கீதா: காலைல ஆறு மணிக்கு வெயிலு. ஒண்ணு கேக்கட்டா? அந்த வேல அவ்ளோ நல்லதுன்னா நீ ஏன் வுட்ட?

நதியா: நான் எங்கடி வுட்டேன்? லீவு.

சங்கீதா: லீவுல வர்றவங்க கம்பெனி கோட்டத் திருப்பிக் குடுத்துட்டா வருவாங்க? உங்க அம்மாதான் சொல்லிச்சி.

நதியா: உனக்கு இன்னா இவ்ளோ விசாரண? வர்றதுன்னா வா. இல்லியா, கெளம்பு.

சங்கீதா: நானா வரமாட்டேன்னேன்? தோ... ஓரிக்கை பக்கத்துலேர்ந்து பஸ்ஸு வருது பாரு. லைட்டுகூட அணைக்கல. எழுந்திரிக்கா.

நதியா: சங்கீ, ஒக்காரு.

சங்கீதா: பஸ்ஸுக்கா...

நதியா: ஒக்காருன்றேன்! கவர அவன்கிட்ட குடுக்காத. ராஜவேலுன்னு, கம்பெனிக்கு ஆள் சேக்கற ஏஜெண்டு. சேரும்போதே ஒரிஜினல வாங்கி பீரோல வச்சிப் பூட்டிக்குவான். ரெண்டு வருஷம் முடிச்சாதான் தருவான். நடுவுல வுட்டா தரமாட்டான். என்னுது இன்னும் அவன்கிட்டதான் கெடக்குது.

சங்கீதா: அப்ப நர்சிங்கு?

நதியா: வெள்ளிக்கெழம கடைசி நாளு. ஒரிஜினல் இல்லாம சேக்கமாட்டேன்றாங்க. அவன் கால்ல வுழுந்தேன்டி. "பன்னெண்டாவது பாஸான பொண்ணு ஒருத்தியக் கொண்டாந்து வுடு. அவளுத வாங்கி வச்சிக்கினு உன்னுத தர்றேன்"னான். யார் யாரையோ கேட்டேன். நீதான் ஒத்துக்கின.

சங்கீதா: அதுக்குத்தான் கவர் கவர்னு கேட்டியா?

நதியா: திட்டுடி. ஏத்தி வுட்டுடலாம்னுதான் வந்தேன். துர்கா யூனிபாரத்தோட ஒக்காந்தான்னு சொன்ன பாரு... அதுக்கு மேல முடியல. வூட்டுக்குப் போ. நீ தறியில ஒக்காரு, அவள எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பு. என் படிப்பு என்னோட போவட்டும்.

சங்கீதா: பஸ்ஸு நின்னுடுச்சிக்கா. வா, ஏறலாம்.

நதியா: பைத்தியமாடி நீ? உன் மார்க் ஷீட்டும் பூடும்ன்றேன்!

சங்கீதா: பூடறதுக்கு எங்கிட்ட இன்னாக்கா இருக்குது? பன்னெண்டாவதுல பிசிக்ஸ்ல பெயிலு. இந்தக் கவர்ல பத்தாவது மார்க் ஷீட்டுதான் கீது, எப்டியாச்சும் பேசி உள்ள நொழஞ்சிடலாம்னு பாத்தேன். ரிசல்ட்ட போன்ல நானே பாத்தேன், பாஸுன்னு நானே சொன்னேன். அம்மா தெருவுக்கே சாக்லேட்டு குடுத்துச்சி. அத நம்பித்தான் எங்கப்பா, பள்ளிக்கூடம் தொறந்ததும் மொத வேலயா, துர்கா பேர வெட்டிட்டு வந்தாரு... இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு போயி அவள எழுந்திரின்னு சொல்லுவேன்?