வலி எப்பலேர்ந்து

அம்சவேணிய நான் உயிரோட கடைசியா பாத்தது அவ சமையல் ரூமுக்குள்ள போறப்பதான். முதுகுதான் தெரிஞ்சிது. ஆமாம்மா, என் வூட்டுக்காரிதான். இரு, நீ கேட்டதுக்குத்தான் வரேன். தொடைவலி எப்பலேர்ந்துன்னு ஆஸ்பத்திரி கார்டுல எழுதணும், அதானே? சித்திரைன்னு எழுதிக்கோ. அவ போனப்புறம். எம்புள்ள குமரன்தான் அந்தக் கார்ட எடுத்துக்கினு போய் மாத்திர வாங்கியாறான். அவனுக்கும் அப்டித்தான் சொல்லிக்கீறேன்.

இல்லம்மா, டாக்டர் சொல்றவரைக்கும் தைராய்டுன்னு யாருக்குத் தோணும்? தறியில உக்கார்றவனுக்கு முட்டி வலிக்கும், தோள் வலிக்கும். எங்கப்பனுக்கும் வலிச்சிது. நல்லெண்ணெய காய்ச்சித் தேச்சிக்கினே இருந்தேன். மூணு பேர் சோறு துன்னேன், சட்ட மட்டும் தொளதொளன்னு ஆயிடுச்சி. நெஞ்சு படபடன்னு அடிக்கும். கை நடுங்கி, அறுந்த இழைய முடிய வரல. பக்கத்து வூட்டு மஹாலட்சுமி, சுகரா இருக்கும், காப்பிக்கு சக்கர போடாதன்னா. நிறுத்தினேன். வலி நின்னுச்சா?

இப்பவா? பரவால்ல. டாக்டர் குடுத்தத தவறாம போட்டுக்கறேன். கடையில நானா வாங்கித் துன்ன வலி மாத்திரைய வுட்டுட்டேன். நீ போன வாரம் காட்டின எக்சர்சைஸ்படி நாற்காலியில பத்து தபா உக்காந்து எழுந்திரிக்கறேன். ஆறாவதுலயே தொடை நடுங்குது. கைய ஊனக்கூடாதா? ஊனித்தான் எழுந்திரிக்கறேன், உன்கிட்ட ஏன் பொய் சொல்லணும்.

தறியிலேர்ந்து எப்டி எழுந்திரிப்பேனா? எங்குளுது குழித்தறிம்மா, பள்ளத்துல கால உட்டுக்கினு உக்காரணும். எழுந்திரிக்க அவதான் கை குடுப்பா. ரெண்டு கையும் புடிச்சிக்கினு, ஏறு ஏறு, நெல்லு மூட்ட கூட உன்னவிட லேசும்பா. சிரிச்சிக்கினே இழுப்பா.

என்னாம்மா அப்டி பாக்குற? ஆமா. வலி வந்தப்ப அவ இருந்தா. அந்தச் சித்திரைய அடிச்சிடு. இரு, இரு... அடிச்சிடு. தைன்னு எழுது.

அவ போனது பங்குனி அமாவாச. அன்னிக்கி எங்காளுங்க தறியில உக்கார மாட்டாங்க. பாதித் தெரு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்திச்சி. மிதிக்கிற கட்டைக்குக் கட்டின கயிறு அறுந்து கெடந்திச்சி, கட்டிடலாம்னு எறங்கினேன். இன்னிக்குமான்னு திட்டிக்கினே கை புடிச்சி எறக்கிட்டு உள்ள போனா. நான் பள்ளத்துல குந்திக்கினு கட்டிக்கினு இருக்கேன். உள்ளேர்ந்து ஏங்கன்னு கூப்டா. அப்புறம் என்னாவோ உருண்டுச்சி. இன்னொரு தபா ஏங்கன்னா.

தொடை எழல்மா.

கத்தினேன். யாரு இருக்கா? மார ஊனி ஊனி மேல ஏறி வரதுக்குள்ள அர மணி ஆயிடுச்சி. அவ அடுப்பாண்ட கெடந்தா, மூச்சு இல்ல. டாக்டர் நெஞ்சுன்னாரு. சீக்கிரம் கொண்டாந்திருந்தா...ன்னு ஆரம்பிச்சாரு, அப்புறம் நிறுத்திக்கினாரு.

குமரன்கிட்ட, நான் வாலாஜாபாத் போயிருந்தேன்னுட்டேன். அமாவாசையில அப்பன் தறியில இருந்திருப்பான்னு அவன் எதுக்கு நெனைக்கப் போறான்? இப்ப தைன்னு பாத்தா, அம்மா இருக்கப்பவே தொடை வரலியான்னு கேப்பான். கேக்கட்டும். நீ எழுது.

பள்ளமா? ரெண்டடிதான்மா ஆழம்.